நொய்யல்ல இன்னிக்கு என்ன கலரு?

எங்க அப்பிச்சி நொய்யல்ல நீச்சல் பழகினவருங்க. நாங்க பள்ளிக்கூடம் போறப்ப பாலத்துல நின்னு, இன்னிக்குத் தண்ணி செவப்பா நீலமான்னு பந்தயம் கட்டுனவங்க.

வெள்ளியங்கிரி மலையில பொறந்து, கோவை, திருப்பூர் தாண்டி காவிரியில கலக்குற ஆறு. கீழ ஒரத்துப்பாளையத்துல பாசனத்துக்குன்னு 1992ல கட்டின அணை, சாயத்தண்ணித் தொட்டியாவே ஆயிருச்சு. கடைசியில 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு.

அன்னிக்கு எங்க வீட்டுல யாரும் சந்தோஷப்படலை. அப்பாவுக்குப் பட்டறையிலதான் வேலை. என் பள்ளிக்கூட ஃபீஸ் வந்ததும் அந்தக் கலர்ல இருந்துதான். "ஆத்தைக் கெடுத்தது நாமளும்தான் கண்ணு"ன்னு அவர் ஒருநாள் சொன்னதுக்கு இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட பதில் இல்லீங்க.

உங்க ஊரு ஆறு எப்படி இருக்குதுங்க?