ஈரக்காற் சுவடு

முகத்தைக் கண்ணாடியில் நாள்தோறும் பார்க்கும் நாம், நம்மைச் சுமக்கும் பாதங்களை முள் தைத்தாலன்றி நோக்குவதில்லை. நானும் அவ்வாறே இருந்தேன்.

எங்கள் வீட்டுக் கிணற்றடியிலிருந்து விறாந்தை வரை சீமெந்து நிலம். குளித்து வருபவரின் ஈரக்காற் சுவடு அதிற் பதிந்து, சற்று நேரத்தில் வெயிலில் மறையும். அம்மாவின் சுவட்டிலே குதிக்காலையும் முன்பாதத்தையும் மெல்லியதொரு பட்டி இணைத்திருக்கும். என்னுடையதோ இடைவெளியற்ற முழுப் பாதம். "வாத்துக்கால்" என்று தம்பி நகையாடுவான்.

அந்நகைப்பு என்னை வருத்தவில்லை. வருத்தியது பாடசாலையில் நிகழ்ந்தது. பத்தாந் தரத்திற் படிக்கையில், இல்ல மெய்வல்லுநர் போட்டியின் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். என் காலைக் கண்ட ஆசிரியர் ஒருவர், தட்டைப் பாதம் உடையோர் ஓடலாகாது எனக் கூறிப் பெயரை வெட்டிவிட்டார். எனக்குக் கால் நொந்ததேயில்லை. ஆயினும் அன்றிலிருந்து நான் ஓடவில்லை.

பல்கலைக்கழகம் வந்தபின், மருத்துவபீடத்துத் தோழியொருத்தி வாயிலாகவே பாதத்தின் இயல்பை அறிந்தேன். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள. நடக்கும்போது குதிக்காலின் வெளிவிளிம்பே பெரும்பாலும் முதலில் நிலத்தைத் தொடுகின்றது. பின்னர் பாதம் சற்று உட்புறமாகச் சாய, வளைவு தாழ்ந்து அதிர்ச்சியைத் தாங்குகின்றது. அடுத்த கணமே பாதம் இறுகி, பெருவிரலால் உந்தி உடலை முன்செலுத்துகின்றது. 'புரோனேஷன்' எனப்படும் இவ்வுட்சாய்வு குறையன்று. அஃதின்றி நடையே இல்லை. தட்டைப் பாதத்தில் இச்சாய்வு மிகும்; செருப்பின் உள்விளிம்பு முந்தித் தேயும். உயர்ந்த வளைவுடைய பாதத்திலோ சாய்வு குறையும்; குதிக்காலும் முன்பாதமும் கூடுதலான தாக்கத்தை ஏற்கும். ஓடும்போது உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குவதால் இவ்வேறுபாடுகள் பெரிதாகத் தோன்றுகின்றன.

ஆயினும் வடிவம் ஒன்றையே கொண்டு தீர்ப்பளித்தல் தகாது. டென்மார்க்கிலே புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேரை ஓராண்டு கவனித்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு, உட்சாய்வு மிகுந்தோர் ஏனையோரிலும் அதிகமாகக் காயமுற்றதாகக் காட்டவில்லை. தென்னிந்தியாவில் ராவ், ஜோசப் என்போர் 2300 சிறுவரின் பாதப் பதிவுகளை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. காலணி அணிந்து வளர்ந்தோரில் 8.6 வீதமானோருக்கும், வெறுங்காலோடு வளர்ந்தோரில் 2.8 வீதமானோருக்குமே தட்டைப் பாதம் காணப்பட்டது. சிறுவயதில் எனக்கு இறுக்கமான சப்பாத்து அணிவித்தே பெருமை கொண்ட எங்கள் வீட்டாரை எண்ணிச் சிரித்தேன்.

அச்சிரிப்பு நீடிக்கவில்லை. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வெறுங்காலோடு சென்று வணங்குபவர் அம்மா. சென்ற ஆண்டு பத்தாம் நாளுடன் நின்றுவிட்டார். கேட்டபோது, "வயது போனால் நோகத்தானே பிள்ளை செய்யும்" என்றார். மறுநாட் காலை சீமெந்து நிலத்தைப் பார்த்தேன். இடக்காலின் சுவட்டில் அந்தப் பழைய பட்டி இருந்தது. வலக்காலின் சுவடோ என்னுடையதைப் போல முழுப் பாதமாய்ப் பதிந்திருந்தது.

தோழி வந்து, ஒற்றைக்காலில் நின்று குதிக்காலை உயர்த்துமாறு அம்மாவிடம் கூறினாள். இடக்கால் உயர்ந்தது, வலக்கால் உயரவில்லை. கணுக்காலின் உட்புறமாக இறங்கி வளைவைத் தூக்கி நிறுத்தும் தசைநார் நலிந்துள்ளது என்றும், மேலும் தாமதித்திருந்தால் பாதம் அவ்வாறே இறுகிவிடக்கூடும் என்றும் மருத்துவர் பின்னர் விளக்கினார். வளைவைத் தாங்கும் காலணியும் பயிற்சியும் விதிக்கப்பட்டன.

வீட்டுக்குள்ளும் அதனை அணிய வேண்டும் என்றதும் அம்மா மறுத்தார். செருப்புடன் குசினிக்குள் நுழைவதா என்பதே அவர் கவலை. தெருவை மிதியாத புதிய சோடியொன்றை வீட்டுக்கென்றே வாங்கிக் கொடுத்தோம். சாமியறை வாயிலில் அதனைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்கிறார். இவ்வாண்டு தேருக்கும் தீர்த்தத்துக்கும் மட்டும் நல்லூர் சென்று வந்தார்.

ஒரே தோற்றமுடைய இரு சுவடுகள். என்னுடையது இளமை தொட்டே உள்ள அமைப்பு. அம்மாவினது புதிதாய் நேர்ந்த மாற்றம். நோவில்லாத என் காலைக் குறையென்று தடுத்தனர். நொந்த அவர் காலையோ வயதென்று விட்டுவிட்டோம். இரண்டிலும் பிழை ஒன்றே: காலைப் பார்த்தவர்கள் காலுக்குரியவரைக் கேட்கவில்லை.

இப்போது மாலை வேளைகளில் மைதானத்தில் ஓடுகின்றேன். வீடு திரும்பிக் கால் கழுவி வருகையில் நிலத்திற் பதிவது அதே முழுப் பாதந்தான். அதனருகே அம்மாவின் சுவட்டையும் நாள்தோறும் பார்த்துக்கொள்கின்றேன்.