தெளிந்த நீர்

நுழையும்முன்

மழை விண்ணின் கொடை என்று போற்றுகிறோம். மண்ணிலிருந்து நாம் விண்ணுக்கு அனுப்பியவையும் அம்மழையோடு கலந்து திரும்பி வருகின்றன. ஒரு நாட்டின் புகை மற்றொரு நாட்டின் ஏரிகளை உயிரற்றவையாக்கிய வரலாற்றையும், அவற்றை மீட்க மாந்தர் எடுத்த முயற்சியையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தெளிவு தந்த ஐயம்

தெளிந்த நீர் என்றால் தூய நீர் என்பதே நம் மொழியின் வழக்கு. அறிவு தெளிவதையும் உள்ளம் தெளிவதையும் நீர் தெளிவதைக் காட்டியே விளக்குகிறோம். முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் எனக்குத் தெளிந்த சுனையும் பொய்கையும் செய்யுளில் வரும் இடங்கள் எப்போதும் உவப்பானவை. இவ்வழக்கிற்கு முற்றிலும் மாறான செய்தி ஒன்றைச் சுவீடன் நாட்டு ஏரிகளைப் பற்றிப் படித்தபோது அறிந்தேன். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குள்ள பல ஏரிகள் ஆண்டுக்காண்டு தெளிந்துகொண்டே வந்தன. ஆழத்தில் கிடந்த கற்களும் கரையில் நின்றவர் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால், அந்நீரில் மீன்கள் அருகிவிட்டன, நத்தைகள் மறைந்தன, நீருக்கு நிறம் தரும் நுண்ணுயிர்களும் குறைந்தன. அந்தத் தெளிவு உயிர்களின் அழிவால் நேர்ந்தது. அதைக் கொண்டுவந்தது மழை என்பதை அறிந்தபோது நான் வியப்பும் வேதனையும் ஒருங்கே அடைந்தேன்.

மழையில் அமிலம்

இயல்பான மழைநீரும் சிறிதளவு அமிலத்தன்மை உடையதே. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மழைத்துளியில் கரைந்து, வலிமை குன்றிய கார்பானிக் அமிலமாக மாறுகிறது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் மிகும். மாசற்ற மழையின் அளவு ஏறத்தாழ 5.6 ஆகும். இந்த அளவுகோலில் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு பெருகும். எனவே, 4.6 அளவுடைய மழை இயல்பான மழையைவிடப் பத்து மடங்கும், 3.6 அளவுடைய மழை நூறு மடங்கும் அமிலத்தன்மை கொண்டவை.

இந்த மிகுதி எங்கிருந்து வருகிறது? நிலக்கரியிலும் எண்ணெயிலும் கந்தகம் கலந்துள்ளது. அவற்றை எரிக்கும்போதும், கந்தகம் கலந்த உலோகத் தாதுக்களை உருக்கும்போதும் கந்தக டை ஆக்சைடு வெளிப்படுகிறது. ஊர்திகளின் எஞ்சினிலும் உலைகளிலும் எழும் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. இவ்வாயுக்கள் வளிமண்டலத்தில் மாற்றமடைந்து, நீரோடு சேர்ந்து கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மழையிலும் பனியிலும் மூடுபனியிலும் இறங்குகின்றன. எரிமலையும் மின்னலும்கூட இவ்வாயுக்களைத் தருகின்றன. ஆயினும், தொழில்வளம் மிகுந்த பகுதிகளில் மனிதர் எரிக்கும் எரிபொருளே முதன்மைக் காரணமாகும்.

உயர்ந்த புகைபோக்கிகள்

இதனை முதலில் ஆராய்ந்தவர்களுள் இராபர்ட் ஆங்கஸ் சுமித் என்னும் வேதியியலாளர் குறிப்பிடத்தக்கவர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர மழையை ஆய்ந்து 1852ஆம் ஆண்டு அவர் கட்டுரை வெளியிட்டார். வயல்வெளியிலிருந்து நகரை நெருங்க நெருங்க மழையில் அமிலம் மிகுவதைக் கண்டார். 1872இல் வெளிவந்த தம் நூலில் 'அமில மழை' என்னும் சொல்லாட்சியைக் கையாண்டார். எனினும், உலகம் அதனை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

1952ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் மாநகரைச் சூழ்ந்த நச்சுப்புகை மூட்டம் ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. அதன்பின் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் பிறந்தன. மின்நிலையங்களின் புகைபோக்கிகள் மேலும் உயரமாகக் கட்டப்பட்டன. நகர மக்கள் மூச்சுவிட முடிந்தது. ஆனால், உயரத்தில் விடப்பட்ட கந்தகப்புகை காற்றோடு பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, கடல் கடந்து, நார்வேயிலும் சுவீடனிலும் மழையாய் இறங்கியது. எரித்தவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர்.

ஏரியின் முதிய மீன்கள்

அந்நாடுகளின் பெரும்பகுதி கருங்கல் பாறையின்மேல் படிந்த மெல்லிய மண்ணால் ஆனது. அமிலத்தை நடுநிலையாக்கும் சுண்ணாம்புச் சத்து அம்மண்ணில் மிகக் குறைவு. ஆதலால், பெய்த அமிலம் குறையாமல் ஏரியை அடைந்தது. குளிர்காலம் முழுவதும் பனியில் சேர்ந்த அமிலம், இளவேனிலில் பனி உருகும்போது ஒருசேரப் பெருக்கெடுத்தது. மீன்குஞ்சுகள் பல வெளிவரும் பருவமும் அதுவே.

ஏரி ஒரே நாளில் இறந்துவிடவில்லை. வளர்ந்த மீன்கள் சிலகாலம் தாக்குப்பிடித்தன. முட்டைகளும் குஞ்சுகளும் அழிந்தன. மீனவர் வலையில் எண்ணிக்கை குறைந்தாலும், உணவுக்குப் போட்டியின்றி வளர்ந்த பெரிய மீன்கள் அகப்பட்டன. பார்ப்பவருக்கு அது வளமாகத் தோன்றியிருக்கும். உண்மையில், அவை அந்த ஏரியின் கடைசித் தலைமுறை. மண்ணில் பிணைந்திருந்த அலுமினியத்தையும் அமிலம் கரைத்து நீரில் சேர்த்தது. அது செவுள்களில் படிய, மீன்கள் மூச்சுத்திணறி மடிந்தன. நார்வேயின் தென்பகுதி ஆறுகள் பலவற்றில் சால்மன் மீன் இனமே அற்றுப்போனது.

காடும் கல்லும்

அமில மழை மரத்தின் உணவையும் பறிக்கிறது. வேர்கள் உறிஞ்ச வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் மண்ணிலிருந்து அரித்துச் செல்லப்படுகின்றன. வலுவிழந்த மரங்கள் குளிருக்கும் பூச்சிகளுக்கும் இரையாகின்றன. கிழக்கு செருமனி, செக்கோசுலோவாக்கியா, போலந்து ஆகிய நாடுகளின் எல்லைகள் கூடும் 'கருப்பு முக்கோணம்' என்னும் பகுதியில், பழுப்பு நிலக்கரிப் புகையால் ஊசியிலைக் காடுகள் பெருமளவில் பட்டுப்போயின.

எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியை ஒருமுறை முட்டையோட்டை வினிகரில் இட்டுக் காட்டினார். குமிழிகள் எழுந்தன, ஓடு சிறிது சிறிதாகக் கரைந்து, முடிவில் மென்தோல் மட்டும் எஞ்சியது. பளிங்குக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் அதே கால்சியம் கார்பனேட்டால் ஆனவை என்று அவர் சொன்னபோது, வகுப்பில் ஒரு மாணவி, "அப்படியானால் தாஜ்மகால்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி நீதிமன்றத்திலும் எழுந்ததுதான். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1984இல் தொடுத்த வழக்கில், தாஜ்மகாலைச் சுற்றியுள்ள பகுதியில் நிலக்கரி எரிக்கும் ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அளவை பேசியது

சுவீடன் ஏரிகளின் நோய்க்குக் காரணம் கண்டவர் ஸ்வாந்தே ஓடேன் என்னும் மண்ணியல் அறிஞர். ஐரோப்பாவில் பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் மழைநீரைச் சேகரித்து எழுதிவைத்த அளவுகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். அயல்நாட்டுப் புகையே இங்கு அமிலமாய்ப் பெய்கிறது என்று 1967இல் நாளிதழ் ஒன்றில் எழுதினார். 1972இல் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் மாநாட்டில் சுவீடன் இச்சிக்கலை உலகின்முன் வைத்தது. 1979இல் ஜெனீவாவில், எல்லை கடக்கும் காற்று மாசு பற்றிய உடன்படிக்கை உருவானது. கந்தக வெளியீட்டை 30 விழுக்காடு குறைக்க 1985இல் ஹெல்சிங்கியில் பல நாடுகள் உறுதி பூண்டன. பிரிட்டன் அதில் அப்போது கையெழுத்திடவில்லை. 1994ஆம் ஆண்டின் அடுத்த உடன்பாட்டில் இணைந்தது.

புகைபோக்கியிலேயே கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகளும், கந்தகம் குறைந்த எரிபொருள்களும் பயன்பாட்டுக்கு வந்தன. 1980ஆம் ஆண்டோடு ஒப்பிட, ஐரோப்பாவின் கந்தக டை ஆக்சைடு வெளியீடு இன்று 80 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்துள்ளது. சுவீடன் தன் ஏரிகளில் சுண்ணாம்புத்தூளைத் தூவி அவற்றைக் காத்தது. பல ஏரிகளுக்கு மீன்கள் திரும்பின. ஆயினும், மண் இழந்த கால்சியம் மீண்டும் சேர நெடுங்காலம் ஆகும். சில பத்தாண்டுகளில் நேர்ந்த இழப்பை ஈடுசெய்யப் பல தலைமுறைகள் காத்திருக்க நேர்கிறது.

நம் பொறுப்பு

இந்தியாவின் பல பகுதிகளில் காற்றில் கலந்துள்ள சுண்ணாம்புத் தன்மையுடைய புழுதி, அமிலத்தை ஓரளவு நடுநிலையாக்குகிறது. இது இயற்கை நமக்குத் தந்துள்ள அவகாசமே அன்றி, நிலையான காப்பு அன்று. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவாயினும் நாம் எரிக்கும் அளவு மிகப் பெரிது. அனல்மின் நிலையங்களின் கந்தக வெளியீட்டிற்கு 2015ஆம் ஆண்டு வரம்புகள் வகுக்கப்பட்டன; அவற்றை நிறைவேற்றும் காலக்கெடு பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. நம் வீட்டில் ஒளிரும் விளக்கின் புகை எவர் வயலில் இறங்குகிறது என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

கண்ணுக்கு அந்த ஏரிகள் அழகாகவே தெரிந்தன. உண்மையைச் சொன்னவை மழைமானியின் அருகே அமர்ந்து, யாரும் கேளாத காலத்திலும் ஒருவர் தொடர்ந்து குறித்துவைத்த எண்களே. அத்தகைய எளிய குறிப்பேடுகளே நாடுகளை ஓரிடத்தில் அமர்ந்து பேசவைத்தன. அளந்தறியும் பழக்கமும், அறிந்ததை அஞ்சாது எடுத்துரைக்கும் துணிவும் மாணவப் பருவத்திலேயே வாய்க்குமானால் மழை மாசின்றிப் பெய்யும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்தில் பெய்யும் மழைநீரைத் தூய கலத்தில் சேகரித்து, வேதியியல் ஆசிரியரின் துணையோடு அதன் பி.எச். அளவைக் கண்டறிந்து பருவமழைக்காலம் முழுவதும் குறித்து வருக.

2. 'எரித்தவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர்' என்னும் தொடரை மையமாகக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.