ஒலியின் விகாரங்கள்

‘விகாரம்’ என்னும் சொல் தமிழில் இருவகையாக வாழ்கின்றது. வீட்டிலும் தெருவிலும் அதற்கு அருவருப்பு என்பதே பொருள். ஒருவருடைய முகம் விகாரமாக இருக்கின்றது என்றால் அதனைப் பாராட்டாகக் கொள்வார் எவரும் இலர். ஆனால் அதே சொல் இலக்கண வகுப்புக்குள் நுழைந்தவுடன் மதிப்புப் பெற்றுவிடுகின்றது. வாழையும் பழமும் சேரும்போது இடையில் ஓர் ஒற்றுத் தோன்றுகின்றது. பொன்னும் குடமும் சேர்ந்தால் னகரம் றகரமாகத் திரிகின்றது. மரமும் வேரும் சேர்ந்தால் மகரம் கெடுகின்றது. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் இம்மூன்றையும் நன்னூலார் விகாரம் என்றே குறித்தார். அங்கே அச்சொல்லில் பழிப்பு இல்லை. ஒலிகள் கூடி வாழ்வதற்கு அமைந்த விதியையே அது குறிக்கின்றது. முப்பதாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளியில் இவ்விதிகளை நடத்திய நான், அச்சொல்லின் இரு பொருள்களும் ஒரு குடும்பத்தில் ஒன்றோடொன்று மோதக் கண்டது அண்மையில்தான்.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் இன்று கோலாலம்பூரில் மின்னிசை அமைத்துப் பிழைக்கின்றான். விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் வேண்டிய இசையைக் கணினியிலேயே உருவாக்குவது அவன் தொழில். அதிலும் ‘பாஸ்’ எனப்படும் அடியொலியை அமைப்பதில் அவனுக்கு நல்ல பெயர் உண்டு. அவன் தந்தையார் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். திருவிழாக் காலங்களில் உறுமி வாசித்தவர். அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 1986ஆம் ஆண்டு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அவர் வாசித்ததைப் பதிவு செய்த ஒலிநாடா ஒன்றே அவர் கைத்திறனுக்கு எஞ்சியுள்ள சான்று. அந்த உறுமியின் முழக்கத்தை எடுத்து, திரித்து, தன் புதிய இசைக்கு அடியொலியாக அமைக்க வேண்டும் என்பது மகனின் விருப்பம். தாயார் இசையவில்லை. “அவரு வாசிச்சதக் கெடுக்கப் பாக்கிறான், வாத்தியாரே. நீங்க சொன்னாத்தான் கேப்பான்” என்று என்னிடம் முறையிட்டார். மகனோ, “கெடுக்கவில்லை ஐயா, கேட்கச் செய்கிறேன்” என்றான். இருவர் சொல்லும் என் செவியில் நின்றன. தீர்ப்புக் கூறுமுன் தொழிலை அறிய வேண்டும் அன்றோ? அவன் ஒலிப்பதிவு அறையில் சில மாலைப்பொழுதுகள் மாணவனாக அமர்ந்தேன்.

அடியொலிக்கு நேரும் முதல் இடர்ப்பாடு, அது கேளாமற் போவதே. வினாடிக்கு 55 முறை அதிரும் ஒரு தூய ஒலியை, அதாவது 55 ஹெர்ட்ஸ் ஒலியை, பெரிய ஒலிபெருக்கியில் நெஞ்சிலேயே உணரலாம். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியோ அதனை எழுப்ப வல்லதன்று; எவ்வளவு கூட்டி வைத்தாலும் பயனில்லை. ஆனால் அவ்வொலியின் அலைவடிவத்தைச் சற்றே திரித்துவிட்டால், 110, 165, 220 என அதன் மடங்குகளில் மேற்சுரங்கள் பிறக்கின்றன. அவற்றுள் மேலே உள்ளவற்றைச் சிறிய கருவியும் எழுப்பும். அவற்றிடையே 55 என்னும் சீரான இடைவெளி இருப்பதைக் கொண்டு, அங்கே ஒலிக்காத அடிச்சுரத்தையும் கேட்டதாகவே நம் மூளை உணர்கின்றது. செல்லரித்த ஏட்டில் எதுகையைக் கொண்டு விடுபட்ட எழுத்தைக் கண்டுகொள்கிறோம் அல்லவா? செவியும் அத்தகைய பதிப்பாசிரியர்தான்.

இந்தத் திரிபு இசையுலகில் பரவியதில் ஒரு பழுதான கருவிக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்னும் பாடகரின் ‘டோன்ட் வொரி’ என்ற பாடலைப் பதிவு செய்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பாஸ் கிதாரின் ஒலி, ஒலிக்கலவைப் பலகையின் பழுதுற்ற பகுதி ஒன்றின் வழியே சென்று கரகரத்தது. அதனை நீக்காமலே 1961இல் பாடலை வெளியிட்டனர். மக்கள் அதனை விரும்பினர். பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அப்பழுதை ஆராய்ந்து, அதே ஒலியை வேண்டும்போது எழுப்பும் சிறு கருவியைத் தம் நண்பருடன் அமைத்தார். 1962இல் கிப்சன் நிறுவனம் அதனை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் ‘சாட்டிஸ்ஃபாக்ஷன்’ பாடலில் ஒலித்த பிறகு அக்கருவியின் புகழ் உலகெங்கும் பரவியது. அப்பாடலில் அவ்வாறு கரகரத்து ஒலித்தது ஒரு பாஸ் கருவி என்பதை என் மாணவன் பெருமிதத்துடன் சுட்டினான்.

இன்று அக்கருவிகளின் இடத்தில் ‘பிளகின்’ எனப்படும் செருகுநிரல்கள் கணினிக்குள்ளேயே இயங்குகின்றன. அவற்றுள் வழக்கமானவை பழைய கருவிகளைப் போலச் செய்பவை. என் மாணவன் நாடுபவையோ வழக்கத்திற்கு மாறானவை. அவன் ஒவ்வொன்றாக இயக்கிக் காட்டியபோது, நன்னூலாரின் மூன்று விகாரங்களும் என் முன் வந்து நின்றன.

முதலாவது தோன்றல். அலையின் முகட்டையும் பள்ளத்தையும் ஒரே அளவில் வெட்டினால் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே தோன்றுகின்றன. ஒரு புறம் கூடுதலாகவும் மறுபுறம் குறைவாகவும் வெட்டினால் இரண்டு, நான்கு என இரட்டைப்படையும் உடன் தோன்றும். இவற்றுள் இரண்டாவது மேற்சுரம் என்பது கீழ்ச் சட்சத்திற்கு மேல்ச் சட்சம் போன்றது. ஆதலால் அது செவியை உறுத்துவதில்லை. இன்ன மேற்சுரம் மட்டும் தோன்றுக என்று ஆணையிடவும் இயலும். ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவின் பெயரால் வழங்கும் கணிதக் கோவைகள் அதற்கு உதவுகின்றன. மார்க் லெ புருன், டானியல் ஆர்ஃபிப் ஆகிய இருவரும் அலைவடிவத்தை இவ்வாறு மாற்றும் முறையைப் பற்றிய ஆய்வுகளை 1979இல் தனித்தனியே வெளியிட்டனர்.

இரண்டாவது திரிதல். கலிபோர்னியாவில் டான் புக்லா என்பவர் அமைத்த மின்னிசைக் கருவிகளில், எல்லை கடந்த அலை வெட்டப்படாமல், புடவையின் கொசுவம் போல் உள்நோக்கி மடிக்கப்பட்டது. மடிப்புகள் கூடக்கூட ஒலியின் நிறம் மாறிக்கொண்டே வருகின்றது. இதனினும் விந்தையானது, ஓர் ஒலியை மற்றோர் ஒலியால் பெருக்குவது. 110 ஹெர்ட்ஸ் ஒலியை 70 ஹெர்ட்ஸ் ஒலியால் பெருக்கினால் அவ்விரண்டும் மறைந்து, அவற்றின் கூட்டலாகிய 180உம் கழித்தலாகிய 40உம் ஒலிக்கின்றன. நிலைமொழியும் வருமொழியும் அடையாளம் தெரியாமல் திரிந்துவிட, வெண்கல மணியை ஒத்த புதிய ஒலி பிறக்கின்றது.

மூன்றாவது கெடுதல். குறுந்தட்டில் ஓர் ஒலி வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிநிலைகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகின்றது. படிநிலைகளை 16ஆகக் குறைத்தால் வழவழப்பான அலை மாடிப்படியாகி, ஒலி மணலைக் கொட்டினாற் போல் கரகரக்கின்றது. அளக்கும் முறையை வினாடிக்கு 4,000ஆகக் குறைத்தாலோ, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சுரங்கள் தம் இடத்தை இழந்து கீழே வந்து விழுகின்றன. 2,500 என்பது 1,500ஆக ஒலிக்கின்றது. மென்பொருளில் மட்டும் அவன் நிறைவு கொள்வதில்லை. தான் அமைத்த ஒலியை ஒரு பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி வழியே செலுத்தி, அதன்மேல் வெற்றுப் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, அந்த டின்னின் அதிர்வையும் சேர்த்து மீண்டும் பதிவு செய்கின்றான்.

இத்துணை விளையாட்டுக்கும் அவன் இரண்டு கட்டுப்பாடுகளை வைத்திருக்கின்றான். முதலாவது, அடிச்சுரத்தைத் தொடுவதில்லை. ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பகுதியைத் தனியே பிரித்துத் தூயதாகவே விட்டுவிட்டு, மேற்பகுதியை மட்டும் திரித்து, பிறகு இரண்டையும் இணைக்கின்றான். முழுவதையும் ஒன்றாகத் திரித்தால் அடித்தளம் குழம்பி வலுவிழந்துவிடும் என்கின்றான். இரண்டாவது, திரித்த ஒலியையும் திரிக்காத ஒலியையும் ஒரே உரப்பில் வைத்தே ஒப்பிடுகின்றான். திரிபு ஒலியின் உரப்பைக் கூட்டிவிடுவது இயல்பு. உரக்க ஒலிப்பதை நல்லது என்று மயங்குவது செவியின் பலவீனம். இவ்விரண்டாவது கட்டுப்பாட்டை நம் மேடைப் பேச்சாளர்களுக்கும் பரிந்துரைக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

இவையெல்லாம் மேலைநாட்டுப் புதுமைகள் என்று ஒதுக்கிவிட நம் இசை மரபு இடங்கொடாது. தம்புராவின் குதிரையின்மேல் ஒவ்வொரு தந்திக்கு அடியிலும் மெல்லிய நூல் ஒன்று வைக்கப்படுகின்றது. அந்நூலை நகர்த்தி உரிய இடத்தில் நிறுத்தினால், தந்தி வளைவான குதிரைப்பரப்பை உரசி உரசி அதிர்ந்து, மேற்சுரங்களை அள்ளி வீசுகின்றது. நூலை எடுத்துவிட்டால் ஒலி தூய்மை பெறும்; உயிரை இழக்கும். அதனால்தான் அந்நூலுக்கு ‘ஜீவாளி’ என்றே பெயர் வைத்தனர் போலும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தம்புராவிலும் வீணையிலும் பொது விதிப்படி எழக் கூடாத மேற்சுரங்களும் எழுவதை எடுத்துக்காட்டி, குதிரையின் அமைப்பே அதற்குக் காரணம் என்று விளக்கினார். உறுமியின் கதையும் வேறன்று. ஒரு முகத்தின் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கும்போது, குச்சி தோலைப் பற்றுவதும் வழுக்குவதுமாக மாறி மாறி நிகழ்கின்றது. அந்தப் பற்றலும் வழுக்கலுமே அவ்விலங்கு முழக்கத்தைப் பிறப்பிக்கின்றன. உராய்வை நீக்கினால் உறுமி ஏது?

பின்னர் அந்த ஒலிநாடாவைக் கேட்டோம். அதுவரை எனக்குத் தோன்றாத ஒன்றை என் மாணவன் கணினித் திரையில் சுட்டிக் காட்டினான். அக்காலத்துச் சிறு பதிவுக் கருவி, உறுமியின் உரத்த முழக்கத்தைத் தாங்க மாட்டாமல், ஒவ்வோர் அடிக்கும் தானே அளவைக் குறைத்து, பிறகு மெல்ல மெல்ல ஏற்றியிருந்தது. நாடாவின் காந்தப் பூச்சு நிறைவெல்லையை எட்டியதால் அலைகளின் முகடுகள் மழுங்கியிருந்தன. ஆழ்ந்த அடியொலியோ பாதிக்கு மேல் பதிவாகவே இல்லை. அந்த அம்மையார் இத்தனை ஆண்டுகளாகக் கணவரின் வாசிப்பென்று போற்றிக் கேட்டதும் திரிந்த ஒலியே. எனினும் அவருடைய கையை அவர் அதில் தவறாமல் அடையாளம் கண்டார். ஒலி திரிந்தும் ஆள் திரியவில்லை.

ஆயினும் அம்மையாரின் அச்சத்தை அறியாமை என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. மாற்றிய ஒலி மட்டும் எஞ்சி மூலம் தொலைந்துவிட்டால், வருங்காலத்தில் எது தந்தையின் கை, எது மகனின் கை என்று பிரித்தறிய எவரால் இயலும்? ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த சான்றோர், தமக்குப் பொருத்தமாகத் தோன்றிய பாடத்தை மேலே வைத்தபோதும் பாடவேறுபாடுகளைக் கீழே குறித்துச் சென்றனர். அந்நெறியையே நான் எடுத்துரைத்தேன். அடிச்சுரத்தைத் தொடாமல் மேற்பகுதியைத் திரிப்பதுபோல், நாடாவின் முழுப்படி ஒன்றை எவ்வித மாற்றமும் இன்றிக் காத்துக்கொண்டு, மறுபடியை வைத்து இசையமைக்குமாறு சொன்னேன். புதிய இசையைத் தந்தையின் வாசிப்பு என்று கூறாமல், தந்தையின் வாசிப்பிலிருந்து மகன் அமைத்தது என்றே வெளியிட வேண்டும் என்றும் வற்புறுத்தினேன். அவன் இசைந்தான்.

சில கிழமைகளுக்குப் பின் இரண்டையும் தாயாரின் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தான். புதிய இசையில், அச்சிறு கருவியின் வழியாகவே உறுமியின் ஆழ்ந்த முழக்கம் தெளிவாக எழுந்தது. அவர் இறுதிவரை பேசாமல் கேட்டார். “அத நீ வச்சுக்க, இத நான் வச்சுக்கிறேன்” என்று பழைய பதிவைத் தம்மிடம் இருத்திக்கொண்டார். பாராட்டு என்று அதனைக் கூற முடியாது. மறுப்பென்றும் கூற முடியாது. மகன் தன் வேலையைத் தொடர அது போதுமானதாக இருந்தது.

ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் தத்தம் வீட்டு அலமாரிகளைத் திறந்து பார்த்தல் நன்று. தாலாட்டுகளும் தோட்டத்து நாடகங்களும் கோயில் மேளங்களும் அடங்கிய ஒலிநாடாக்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. நம் நாட்டின் ஈரக்காற்றில் அவை பூஞ்சணம் பூத்து அழிந்து வருகின்றன. பூஞ்சணம் படிந்த நாடாவைத் துப்புரவு செய்யாமல் ஓட்டுதல் கூடாது. நல்ல நாடாவைச் சுருக்கப்படாத கணினிக் கோப்பாகப் படியெடுத்து, இரண்டு வேறு இடங்களில் வைத்து, பாடியவர் யார், வாசித்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பனவற்றை எழுதி வைக்க வேண்டும். அப்பணி முடிந்த பின்னர், இளைஞர்கள் தம் படியைத் தோற்றட்டும், திரிக்கட்டும், கெடுக்கட்டும். அதில் பிறக்கும் இசையை நாமும் அமர்ந்து கேட்போம்.