உட்கார்ந்தே ஆடியவர்

910 ஆட்டங்கள். அவற்றில் தொடக்க ஐவரில் ஒருவராகக் களமிறங்கியது 30 முறை. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் 15 பருவங்கள் ஆடிய ஸ்டீவ் கெர்ரின் கணக்கு இது. மற்ற 880 ஆட்டங்களிலும் விளக்கணைத்துப் பெயர் சொல்லி அழைக்கும் ஆரவாரமெல்லாம் வேறு ஐந்து பேருக்கு. அவர் பெஞ்சில் போய் உட்கார்வார். கோச் திரும்பிப் பார்த்துப் பெயரைச் சொன்னால் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து போவார். சராசரி ஆட்டத்துக்கு 6 புள்ளி. ஆனால் கையில் ஐந்து சாம்பியன் மோதிரங்கள்: சிகாகோ புல்ஸில் மூன்று, சான் அன்டோனியோ ஸ்பர்ஸில் இரண்டு.

கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நமக்குப் பெஞ்ச் என்றால் தண்ணீர் சுமக்கும் பன்னிரண்டாவது ஆள்தான் நினைவுக்கு வருவார். கூடைப்பந்தில் அப்படி இல்லை. ஒரே ஆட்டத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வெளியே வரலாம். கோச் நினைத்தால் 48 நிமிடமும் உட்கார்ந்தே இருக்கலாம். உடம்பு ஆறிப்போன நிலையில் உள்ளே போய் முதல் பந்தையே சரியாக எறியவேண்டும். தவறினால் திரும்பவும் பெஞ்ச்.

*

ஆறடி மூன்று அங்குலம். கால் வேகம் கிடையாது. பெரிதாக எகிறவும் மாட்டார். பின் எப்படி 15 வருடம்? மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்துகளில் 45.4 சதவீதம் உள்ளே விழுந்தன. என்பிஏ வரலாற்றில் அதுதான் உச்சம். இன்று பள்ளிப் பிள்ளைகள்கூட அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுதான் எறிந்து பழகுகிறார்கள், ஆனாலும் அந்தச் சாதனை நிற்கிறது.

இதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். தன்னைச் சுற்றி ஆளில்லாதபோது மட்டுமே எறிகிறவருக்குச் சதவீதம் கூடத்தான் செய்யும். புல்ஸின் நட்சத்திரம் ஜோர்டனை இரண்டு பேர் மறித்தால்தான் கெர் தனியாக நிற்க முடியும். ஸ்டெஃப் கரியைப் போல மேலே ஒருவர் விழுந்துகொண்டிருக்கும்போது எறியவேண்டிய நிலை அவருக்கு அநேகமாக வந்ததே இல்லை. ஆனால் எந்தப் பந்தை எறியக்கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதும் ஒரு திறமைதான். அதற்குச் சம்பளம் கொடுக்க ஆறு அணிகள் தயாராக இருந்தன.

*

பிறந்தது 1965இல், பெய்ரூட்டில். அப்பா மால்கம் கெர்ரும் அதே ஊரில் பிறந்தவர். தாத்தாவும் பாட்டியும் ஆர்மீனிய அநாதைக் குழந்தைகளைப் பராமரிக்கும் நிவாரணப் பணிக்காக அந்தப் பக்கம் போனவர்கள். அரபு அரசியலைப் படித்து எழுதிய பேராசிரியரான மால்கம், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். 1984 ஜனவரி 18 அன்று அலுவலகத்துக்கு வெளியே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

மகனுக்கு அப்போது 18 வயது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. பெரிய கல்லூரி எதுவும் அவரைத் தேடி வரவில்லை. முந்தைய பருவத்தில் நான்கே ஆட்டம் ஜெயித்திருந்த அணிக்குக் கோச்சாகப் பொறுப்பேற்ற லூட் ஓல்சன், மிச்சமிருந்த உதவித்தொகையை அவருக்குக் கொடுத்திருந்தார். அப்பா இறந்து இரண்டு நாள் கழித்து உள்ளூர் எதிரியான அரிசோனா ஸ்டேட்டோடு ஆட்டம். பெஞ்சிலிருந்து எழுந்து போய் எறிந்த முதல் பந்தே உள்ளே.

நான்கு வருடம் கழித்து அதே எதிரணியின் ஊரில், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியின்போது, மாணவர் கும்பல் ஒன்று “உங்கப்பா எங்கே?” என்று கத்தியது. கெர் கண்ணீரோடு போய் உட்கார்ந்தார். பிறகு முதல் பாதியில் ஆறு மூன்று புள்ளிப் பந்துகளோடு 20 புள்ளி எடுத்தார். இதைப் பழிவாங்கிய கதையாகச் சொல்வது அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர்களின் வழக்கம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அப்பாவைப் பற்றிய கேள்விக்கு மூன்று புள்ளிப் பந்து எப்படிப் பதிலாகும்?

பல வருடம் கழித்து இன்னொரு துப்பாக்கிச் சூடு. 2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலம் யுவால்டியில் பள்ளிக்குள் புகுந்த ஒருவன் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். அன்று அதே மாநிலத்தின் டல்லாஸ் நகரில் கெர் கோச்சாக இருந்த அணிக்கு மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் ஆட்டம். ஆட்டத்துக்கு முந்தைய பேட்டியில் கூடைப்பந்து பற்றிப் பேசமாட்டேன் என்றார். துப்பாக்கிச் சட்டத்தை முடக்கிவைத்திருக்கும் செனட்டர்களை நோக்கி, மேசையைத் தட்டிக் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

*

1995, புல்ஸ் பயிற்சி முகாம். பேஸ்பாலிலிருந்து திரும்பியிருந்த ஜோர்டன், முந்தைய பருவத் தோல்வியின் எரிச்சலில் எல்லோரையும் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். கெர் அவர் நெஞ்சில் ஒரு தள்ளு தள்ளினார். பதிலுக்கு முகத்தில் குத்து, கண் கறுத்துப்போயிற்று. அன்றே ஜோர்டன் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். அதன்பிறகு தன்மேல் அவருக்கு நம்பிக்கை வந்தது என்று கெர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஜோர்டனின் அப்பாவும் சுட்டுக் கொல்லப்பட்டவர், 1993இல். ஒரே உடைமாற்றும் அறையில் மூன்று பருவத்துக்கும் மேல் இருந்த இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லையாம்.

குத்துக்குப் பலன் 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் தெரிந்தது. யூட்டாவோடு 86-86. கடைசி டைம் அவுட்டில் ஜோர்டன் கெர்ரைப் பார்த்துத் தயாராக இரு என்கிறார். யூட்டாவின் ஸ்டாக்டன் ஜோர்டனை மறிக்க ஓடுகிறார், பந்து கெர்ரிடம் வருகிறது, 5 நொடி மீதி, உள்ளே. வெற்றி விழா மேடையில் கெர் அந்தக் கதையைத் தலைகீழாக்கிச் சொன்னார்: கடைசிப் பந்தை எறிய ஜோர்டன் தயங்கினார், சரி, வழக்கம்போல நானே காப்பாற்றவேண்டியதுதான் என்று நினைத்தேன். கூட்டம் சிரித்து மாய்ந்தது. பெஞ்சில் இருப்பவனுக்குத்தான் இப்படி ஒரு நக்கல் வாய்க்கும்.

*

ஆனால் என்னைக் கேட்டால் 1997ஐவிட 2003தான் பெரிது.

அப்போது அவர் ஸ்பர்ஸில், வயது 37. அந்தப் பிளே ஆஃப் முழுக்க ஏறக்குறைய அலங்காரப் பொருள்தான். டல்லாஸில் மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். டோனி பார்க்கருக்கு வயிற்றுக் கோளாறு. அவருக்குப் பதில் வந்தவர்களாலும் ஆகவில்லை. ஸ்பர்ஸ் பின்தங்கிக் கிடக்கிறது. கோச் போப்போவிச் திரும்பிப் பார்க்கிறார். கெர் எழுந்து போய் நான்கு மூன்று புள்ளிப் பந்துகள் எறிந்தார். நான்கும் உள்ளே. அந்த நேரத்தில் ஸ்பர்ஸ் தொடர்ச்சியாக 23 புள்ளி எடுத்தது, டல்லாஸுக்குப் பூஜ்யம். 90-78. சில நாளில் சாம்பியன். பிறகு ஓய்வு.

1997இல் பந்து வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2003இல் கூப்பிடுவார்கள் என்பதற்கே உறுதி இல்லை. வாரக்கணக்கில் ஆடாத ஒருவர் ஆடப்போகிறவரைப் போலவே தினமும் பயிற்சி செய்துகொண்டிருந்தால் ஒழிய இது நடக்காது. பிற்பாடு அவர் கோச்சாக எடுத்த முடிவுகளில் பாதிக்கு விதை இங்கேதான் இருக்கிறது.

*

நட்சத்திரங்கள் நல்ல கோச் ஆவதில்லை, ஓரத்தில் இருந்தவர்கள்தான் ஆவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. மேஜிக் ஜான்சன் 1994இல் லேக்கர்ஸுக்கு 16 ஆட்டம் கோச்சாக இருந்து ஐந்தை மட்டும் ஜெயித்து, போதும் என்று கிளம்பினார். மறுபுறம் பில் ஜாக்சன் நிக்ஸ் அணியின் பெஞ்ச் ஆட்டக்காரர். கோச்சாக 11 பட்டம். பாட் ரைலி, ரிக் கார்லைல், டைரன் லூ எல்லோரும் அதே ஜாதி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த அணியிலும் நட்சத்திரம் இரண்டு பேர், மற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். கோச் பட்டியலிலும் அதே விகிதம் வருவதில் ஆச்சரியம் என்ன? கோடி கோடியாகச் சம்பாதித்தவர் எதற்காகச் சின்ன லீகில் போய்ப் பேருந்தில் ஊர் ஊராக அலையவேண்டும்? ஜாக்சன் ஆல்பனியில் அலைந்தார், வேறு வழி இல்லை. லாரி பேர்ட் மூன்றே பருவம் கோச்சாக இருந்து இண்டியானாவை இறுதித் தொடர்வரை கொண்டுபோனார். அவரை இந்தப் பேச்சில் எங்கே வைப்பது?

*

கெர் அலையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தொலைக்காட்சி வர்ணனை, பிறகு 2007 முதல் 2010 வரை ஃபீனிக்ஸ் சன்ஸின் பொது மேலாளர். அங்கே ஓடி ஆடும் அணிக்குள் முதிர்ந்த ஷகில் ஓனீலைக் கொண்டுவந்து சேர்த்தார். எடுபடவில்லை. மறுபடி வர்ணனை. உதவி கோச்சாக ஒரு நாள்கூட இருந்ததில்லை. 2014இல் நேராக கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் தலைமைக் கோச்.

போனதும் பார்த்தது பாஸ் கணக்கு. முந்தைய பருவத்தில் பாஸ் எண்ணிக்கையில் வாரியர்ஸ்தான் லீகிலேயே கடைசி. ஆட்டத்துக்கு 300 பாஸ் வேண்டும் என்றார். என்ன பாஸ், யாருக்கு என்பதெல்லாம் அப்புறம். முதலில் எல்லோர் கையிலும் பந்து படட்டும். கைக்குப் பந்தே வராத ஒருவனை நாற்பது நிமிடம் ஓடவிட்டுக் கடைசியில் எறியச் சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்தது கடினமான வேலை. ஆந்த்ரே இகுடாலா அதுவரை ஆடிய 758 ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் இருந்தவர். அவரை அழைத்து, இனி பெஞ்சிலிருந்து வா என்றார். டேவிட் லீ அணியிலேயே அதிகச் சம்பளக்காரர். அடிபட்டுத் திரும்பி வருவதற்குள் டிரேமண்ட் கிரீன் அந்த இடத்தில் வேரூன்றிவிட்டார். லீயும் உட்கார்ந்தார். இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பருவம் வேறு மாதிரி போயிருக்கும். 880 ஆட்டம் பெஞ்சிலிருந்து வந்தவர் சொன்னதால்தான் கேட்டார்களா, அவர்களே நல்லவர்களா என்பதைப் பிரித்துப் பார்க்க முடியாது. 67 வெற்றி, 15 தோல்வி.

இறுதித் தொடரில் கிளீவ்லாண்டிடம் 2-1 என்று பின்தங்கினார்கள். கெர்ரின் உதவியாளர் நிக் யுரென், வயது 28. வீடியோ வெட்டித் தருவதும் பயிற்சியின்போது ஒலிக்கும் பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் அவர் வேலைகளில் அடக்கம். முந்தைய வருட இறுதித் தொடரை நள்ளிரவில் போட்டுப் பார்த்தவருக்கு ஒரு யோசனை தோன்றியது: ஏழடி ஆட்டக்காரர் போகட்டை உட்காரவைத்துவிட்டு இகுடாலாவை முதலிலேயே இறக்கினால் என்ன? கெர் அப்படியே செய்தார். ஆட்டத்துக்கு முன் நிருபர்களிடம் மாற்றம் எதுவும் இல்லை என்று புளுகினார். ஜெயித்த பிறகு, ஒழுக்கத்துக்காகக் கோப்பை தரமாட்டார்கள் என்று சிரித்தார். கூடவே, யோசனை யாருடையது என்று யுரென் பெயரையும் சொன்னார். புளுகியதைவிட இதுதான் அபூர்வம். நிருபர்களே கேள்விப்பட்டிராத ஒரு பையனின் பெயரைச் சொல்லாமலே விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. 40 வருடத்துக்குப் பின் வாரியர்ஸுக்குப் பட்டம். தொடர் நாயகன் இகுடாலா.

*

2015 கோடையில் முதுகு அறுவைச் சிகிச்சை. தண்டுவட நீர் கசிந்து தலைவலி நிற்கவே இல்லை. அடுத்த பருவத்தின் முதல் 43 ஆட்டங்களுக்கு அவர் இல்லை. பொறுப்பில் இருந்தவர் லூக் வால்டன். 39 வெற்றி, 4 தோல்வி. லீக் விதிப்படி அந்த 39ம் கெர் கணக்கில்தான் ஏறின, வருடத்தின் சிறந்த கோச் விருதும் அவருக்கே. அந்தப் பருவத்தில் 73-9. உடைந்தது எந்தச் சாதனை? 1995-96 புல்ஸின் 72-10. அந்த அணியின் பெஞ்சிலும் இவரே இருந்தார்.

இறுதித் தொடரில் 3-1 என்று முன்னிலை வகித்தும் கிளீவ்லாண்டிடம் தோற்றார்கள். எதிர் பெஞ்சில் கோச்சாக டைரன் லூ. 2001இல் ஆலன் ஐவர்சன் பந்தை எறிந்துவிட்டுத் தன்னைத் தாண்டிக் காலெடுத்து வைத்த படத்தால் உலகமே அறிந்த அந்த லூதான்.

*

2018 பிப்ரவரி, ஃபீனிக்ஸோடு ஆட்டம். ஆட்டக்காரர்கள் தன் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள் என்று தோன்றியதால், வரைபலகையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். டைம் அவுட்டில் இகுடாலாவும் கிரீனும் டேவிட் வெஸ்டும் திட்டம் வரைந்தார்கள். 129-83. எதிரணியை அவமதித்த செயல் என்று சிலர் கோபப்பட்டார்கள். 46 புள்ளி வித்தியாசத்தில் தோற்றவர்களுக்கு அது வலித்திருக்கும், சந்தேகமில்லை.

*

2017, 2018, 2022இல் இன்னும் மூன்று பட்டம். இடையில் 2019-20இல் கரி அடிபட்டு, கிளே தாம்ப்சன் அடிபட்டு, டுராண்ட் வேறு அணிக்குப் போய்விட, 15 வெற்றி, 50 தோல்வி, லீகிலேயே கடைசி. அதே கோச், அதே பலகை. மூன்று பேர் இல்லை, அவ்வளவுதான்.

*

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் கோச். பன்னிரண்டு பேருமே நட்சத்திரங்கள், ஆட்டமோ 40 நிமிடம். அந்த ஜூனில்தான் பாஸ்டனோடு என்பிஏ பட்டம் வென்றிருந்த ஜேசன் டேட்டமை செர்பியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. அவரை ஆடவைக்காதது எனக்கே முட்டாள்தனமாகத்தான் படுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அதே செர்பியாவோடு அரையிறுதி வந்தபோது மறுபடியும் உட்காரவைத்தார். 17 புள்ளி பின்தங்கி, கரியின் 36 புள்ளியால் 95-91 என்று தப்பித்தார்கள். பிறகு பிரான்ஸை வென்று தங்கம்.

டேட்டம் உட்கார்ந்து பழகியவர் அல்லர். கெர்ருக்கு அது வாழ்நாள் தொழில். தான் செய்தது மற்றவருக்கும் முடியும் என்று நினைத்துவிட்டாரோ என்று எனக்கு ஒரு ஐயம் உண்டு. பாஸ்டன்காரர்களுக்கு ஐயமெல்லாம் இல்லை. நவம்பரில் வாரியர்ஸ் அந்த ஊருக்கு ஆடப் போனபோது, கெர் பெயரை அறிவித்ததுமே அரங்கம் முழுக்கக் கூச்சல் போட்டு வரவேற்றார்கள். ஆட்டத்தில் ஜெயித்தது வாரியர்ஸ், 118-112.