தாய் வீட்டில் ஒரு விருந்தாளி

தாய்லாந்தில் நம்மைப் போன்ற ஆசாமிகளுக்கு 'கேக்' என்று பெயர். பிறந்த நாளுக்கு வெட்டுகிற கேக் இல்லை. தாய் பாஷையில் 'கேக்' என்றால் விருந்தாளி. இந்தியர், அரபுக்காரர், மலாய்க்காரர் எல்லோரும் அவர்களுக்கு கேக்தான். பாங்காக் சீலோம் சாலையில் நம் தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குக்கூட 'வாட் கேக்' என்றுதான் ஊரில் பேர்.

வெள்ளைக்காரர் என்றால் 'ஃபரங்'. கொய்யாப் பழத்துக்கும் அதே பேர்! சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்னவாம்? பறங்கிக்காரன் பேரைக் காய்க்கு வைத்துக் கூட்டு பண்ணிச் சாப்பிடுகிறோமே!

ஆறு வருஷமாக நானும் மனைவியும் சியாங் மாயில் குடியிருக்கிறோம். வடக்கே, மலை ஓரத்து ஊர். "எல்லாரும் கல்யாணமானதும் தாய் வீட்டுக்கு ஏங்குவாங்க. நீங்க ரிட்டயரானதும் வந்து உட்கார்ந்துட்டீங்க" என்று மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

வாரத்துக்கு ஒரு போனாவது வருகிறது. "ஸார், அங்கே செலவு கம்மியாமே? நாங்களும் வந்துடலாமா?"

தாராளமாக வரலாம். ஆனால் விருந்தாளியாக வருகிறோம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. விருந்தாளிக்கு நல்ல சாப்பாடு போடுவார்கள், விசிறி விடுவார்கள். ஆனால் வீட்டு மனையில் பங்கு கேட்க முடியாது. தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடி ஃப்ளாட் வாங்கலாம்; அதுவும் ஒரு கட்டிடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் கையில் இருக்கலாம். என்னைக் கேட்டால் முதல் இரண்டு வருஷம் வாடகைக்கு இருங்கள். மலையைப் பார்த்து மயங்கி ஜூன் மாதம் ஃப்ளாட் வாங்கியவர்கள், அடுத்த மார்ச்சில் அந்த மலையே காணாமல் போவதைப் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கிற புகை ஊரை மூடிக்கொள்ளும். நெஞ்சு வலி, இழுப்பு உள்ளவர்கள் அந்த மாதங்களில் தெற்கே கடற்கரைப் பக்கம் போய்விடுவது உத்தமம்.

விசா விஷயத்துக்கு வருகிறேன். 50 வயது முடிந்திருக்க வேண்டும். தாய்லாந்து பாங்க் கணக்கில் உங்கள் பேரில் 8 லட்சம் பாட் போட்டு வைக்க வேண்டும். நம் ரூபாயில் இருபது லட்சத்துக்கு மேல். அல்லது மாதா மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். பாங்கில் போட்டால் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்னாலிருந்து, நீட்டிப்பு கிடைத்து மூன்று மாதம் வரை அந்த 8 லட்சம் அசையக் கூடாது. பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 2019-ல் வந்த விதி இது. (வருஷத்துக்கு 80,000 டாலர் வருமானம் உள்ள புண்ணியவான்களுக்கு 2022 முதல் பத்து வருஷ விசா உண்டு. அவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.)

"பணமே போட வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஏஜென்டுகள் வருவார்கள். கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். மாட்டினால் ஏஜென்ட் ஊரில் இருக்க மாட்டார். நீங்களும் இருக்க முடியாது.

வருஷத்துக்கு ஒரு முறை நீட்டிப்பு, கட்டணம் 1,900 பாட். அன்று உங்கள் பாஸ்புக்கில் அன்றைய தேதிக்கு வரவு வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ், ஒவ்வொரு ஜெராக்ஸிலும் கையெழுத்து. நான் சர்வீஸில் இருந்த காலத்தில்கூட இத்தனை கையெழுத்து போட்டதில்லை. நடுவில் பேத்தியைப் பார்க்க ஊருக்குப் பறக்க வேண்டுமா? கிளம்புவதற்கு முன்னாலேயே ரீ-என்ட்ரி பர்மிட் வாங்க வேண்டும். ஒரு தடவைக்கு 1,000 பாட். அதை வாங்காமல் விமானம் ஏறினால் விசா அங்கேயே செத்துப் போகும்.

இதெல்லாம் போக, 90 நாளுக்கு ஒரு தரம் "இன்ன விலாசத்தில்தான் இருக்கிறேன்" என்று தெரிவிக்க வேண்டும். கெடுவுக்கு 15 நாள் முன்னாலிருந்து, கெடு தாண்டி 7 நாள் வரை அவகாசம். விட்டால் அபராதம் 2,000 பாட். நம் சர்க்கார் நவம்பர் மாதம் "உயிரோடு இருக்கிறாயா?" என்று பென்ஷன்காரரைக் கேட்கிறது. தாய் சர்க்கார் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்லியே நாள் ஓடுகிறது. நல்லவேளை, இதை முதல் தடவைக்குப் பிறகு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்யலாம்.

வருமான வரி ஒன்று இருக்கிறது. வருஷத்தில் 180 நாள் இங்கே இருந்தால், 2024 முதல் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணத்துக்கு வரிக்கணக்கு பார்க்க வேண்டும். இரட்டை வரி ஒப்பந்தமெல்லாம் இருக்கிறது. ஒரு நல்ல ஆடிட்டரைப் பிடியுங்கள். அதற்கு மேல் எனக்கே தலை சுற்றும்.

பாஷை? நமக்குப் பாதி தெரிந்த மாதிரி இருக்கும். ஆகாரம் 'ஆஹான்', பாஷை 'பாஸா', ரோகம் 'ரோக்', ஆயுள் 'ஆயு'. அடடே என்று சந்தோஷப்பட்டு வாயைத் திறந்தால் ராகம் உதைக்கும். ஐந்து சுரத்தில் பேசுகிற பாஷை. 'கிளாய்' என்று நேராக இழுத்தால் தூரம். சுருதி இறக்கிச் சொன்னால் பக்கம்! "ஆஸ்பத்திரி பக்கமா?" என்று கேட்டு "கிளாய்" என்று பதில் வந்தால், நடப்பதா வண்டி பிடிப்பதா என்று சங்கீத ஞானம் உள்ளவர்தான் முடிவு செய்ய முடியும்.

தேதியும் கவனம். இங்கே புத்த சகாப்தம். நம் வருஷத்தோடு 543 கூட்டிக்கொள்ள வேண்டும். 2024 இங்கே 2567. மருந்துப் பட்டையில் 2567 என்று போட்டிருந்தால், இன்னும் ஐந்நூறு வருஷம் தாங்கும் என்று விழுங்கி வைக்காதீர்கள்.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். முருங்கைக்காய், புளி, தேங்காய், கொத்தமல்லி எல்லாம் மார்க்கெட்டில் குவிந்து கிடக்கின்றன. சைவக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட 'ஜே' கடையைத் தேடிப் பிடிக்க வேண்டும். மற்ற இடங்களில் கீரை வதக்கலில்கூட 'நாம் ப்ளா' என்கிற மீன் சாறு நைசாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என்ன கோபம் வந்தாலும் குரலை உயர்த்தக் கூடாது என்பது முக்கியம். நம் ஊரில் சத்தம் போட்டால் பைல் நகரும். இங்கே சத்தம் போட்டால் பைல், ஆபீஸர், சிரிப்பு மூன்றும் உள்ளே போய்விடும். "ஜாய் யென் யென்" என்பார்கள். மனசு குளிரட்டும், குளிரட்டும். காய்கறிக்காரம்மா என்னை 'லுங்' என்று கூப்பிடுகிறாள், பெரியப்பா. பெரியப்பா கத்தலாமா?

மோட்டார் பைக் வேண்டவே வேண்டாம் என்பேன். உலகத்தில் சாலை விபத்தில் அதிகம் பேர் சாகிற நாடுகளில் இதுவும் ஒன்று. அதில் பெரும் பங்கு இரு சக்கர வண்டிதான். அந்த வண்டிக்கான லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விழுந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். இங்கே 'ரோட் டேங்' என்கிற சிவப்பு வண்டி கையைக் காட்டினால் நிற்கும். பின்னால் இரண்டு பெஞ்சு, ஏறி உட்கார்ந்தால் ஆச்சு.

இன்சூரன்ஸ் என்றதும் எங்கள் மூன்றாம் மாடிக்காரர் ஞாபகம் வருகிறது. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

இங்கிலாந்தில் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். 78 வயசு. பதினாலு வருஷமாக ஒரு தாய் அம்மாளோடு குடித்தனம். அந்த அம்மாளுக்கு மார்க்கெட்டில் சின்னத் துணிக்கடை. கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் 'பா', அதாவது பெரியம்மா. கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளவில்லை. "இந்த வயசில் எதுக்கு?" என்று இருவருமே சிரிப்பார்கள்.

பிரிட்டனில் குடியிருக்கிற பென்ஷன்காரருக்கு வருஷா வருஷம் அரசு பென்ஷன் ஏறும். தாய்லாந்துக்குக் குடிபோனவருக்கு ஏறாது; முதலில் வாங்கிய தொகையிலேயே உறைந்து நிற்கும். ஒரு பவுண்டுக்கு 70 பாட் கிடைத்த காலத்தில் சுற்றிப் பார்க்க வந்து ஊரில் ஆசை வைத்தவர் அவர். பிறகு அது நாற்பதுகளுக்கு இறங்கிவிட்டது. மாதம் 65,000 காட்ட வழியில்லை. ஆகவே பாங்கில் அந்த 8 லட்சம். அவருடைய மொத்த சொத்தே அதுதான். 75 வயசானதும் பிரீமியம் எகிறியது, இன்சூரன்ஸை விட்டுவிட்டார். "எனக்குத்தான் பாங்கில் 8 லட்சம் இருக்கிறதே!" என்பார்.

இங்கேதான் ஸார் சூட்சுமம். அந்தப் பணம் விசாவுக்கு ஜாமீன். அதையே ஆஸ்பத்திரிக்கும் ஜாமீன் என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். ஒரே பணத்தை இரண்டு பீரோவில் வைக்க முடியுமா? ஆஸ்பத்திரிக்கு எடுத்தால் அடுத்த வருஷம் விசா கிடையாது.

ஒரு மழை நாள் ராத்திரி பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. தனியார் ஆஸ்பத்திரியில் முதலில் முன்பணம் கேட்டார்கள். அந்த நேரத்தில் அவரால் பாங்குக்குப் போக முடியுமா? பெரியம்மா தன் கடைப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினார். ஆபரேஷன் நடந்தது. பிறகு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. பத்தொன்பதாம் நாள் போய்விட்டார்.

மரணச் சான்றிதழுக்கு இங்கே 'மோரணபாட்' என்று பேர். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

பாங்கில் பணம் இருந்தது. ஏடிஎம் கார்டு அவர் பர்ஸில் இருந்தது. ரகசிய எண் பெரியம்மாவுக்கு மனப்பாடம். ஆனால் ஆள் போன பிறகு அதை எடுத்தால் வாரிசுகளின் பணத்தை எடுத்த குற்றம். எடுக்கவில்லை. நேராக பாங்குக்குப் போய்ச் சொன்னார். கோர்ட் நியமிக்கிற நிர்வாகி வந்தால்தான் கணக்கைத் திறப்போம் என்றார்கள், சட்டம் அப்படித்தான். உயில் இல்லாவிட்டால் பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தவர் என்று போகும். பதிவு செய்யாத மனைவிக்கு அதில் இடமே கிடையாது. பதினாலு வருஷம் கஞ்சி வைத்துக் கொடுத்தது எந்தப் பத்தியிலும் வராது. தூதரகம் மகனைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தது. ஈமச் செலவு தூதரகத்தின் வேலை இல்லை.

பக்கத்து வாட்டில் மூன்று நாள் பிட்சுக்கள் ஓதினார்கள். நம் ஊர் மொய் மாதிரி இங்கே சாவு வீட்டில் கவரில் பணம் வைக்கிற வழக்கம் உண்டு. அப்படிச் சேர்ந்ததில்தான் செலவு நடந்தது. மரச் சீவலில் செய்த சந்தனப் பூவை ஆளுக்கொன்றாகப் பெட்டியருகே வைத்தோம். பெரியம்மா கட்டிய ஆஸ்பத்திரிப் பணம் இன்னும் திரும்பவில்லை. மகன் நல்ல மாதிரி, தருவதாகச் சொல்லியிருக்கிறார். கோர்ட்டில் நடக்கிறது.

அடுத்த ஞாயிறு எங்கள் கட்டிடத்துக் கீழ்த்தளத்தில் ஒரு கூட்டம். ஜெர்மன்காரர், நார்வேக்காரர், நான், எங்கள் வீட்டம்மாக்கள். தாய் வக்கீல் ஒருவரை வரவழைத்துக் கேட்டோம். இங்கே உயில் எழுதுவது சுலபம். முழுக்கத் தன் கையாலேயே எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டால் சாட்சிகூட வேண்டாம். டைப் அடித்தால் இரண்டு சாட்சி வேண்டும்; சொத்து வாங்கப் போகிறவர் சாட்சி போடக் கூடாது. இங்கிலீஷில் எழுதினால் தாய் மொழிபெயர்ப்பும் சேர்த்து வைப்பது நல்லது. பிழைக்க வழியில்லாத நிலையில் குழாயெல்லாம் செருகி இழுத்தடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் 2007-ல் வந்த சுகாதாரச் சட்டத்தின் 12-வது பிரிவு இடம் தருகிறது. பென்ஷன், விசா என்று வாய் ஓயாத நார்வேக்காரர் அதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அன்றே இன்னொன்றும் முடிவாயிற்று. விசாப் பணத்தைத் தவிர, ஆஸ்பத்திரிக்கென்று தனியாக ஒரு தொகை. கையில் இன்சூரன்ஸ் உள்ளவர்கள் அதை விடக் கூடாது. எழுபதைத் தாண்டிப் புதிதாக வாங்குவது குதிரைக் கொம்பு. பாத்ரூமில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள்: ஆம்புலன்ஸ் எண் 1669, ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று. பாதி தாயில், பாதி இங்கிலீஷில். எழுதிக் கொடுத்தது பெரியம்மாதான்.

நான் அன்று ராத்திரியே உட்கார்ந்து உயிலை எழுதி முடித்தேன். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துப் பார்த்தாள்.

"இந்தக் கோழிக் கிறுக்கலை எந்த கோர்ட் ஜட்ஜ் படிப்பாருங்க? வேற பேப்பர் எடுங்க."

மூன்றாவது பிரதிதான் தேறியது. பாஸ்போர்ட் இருக்கிற மஞ்சள் பைலில் வைத்திருக்கிறோம்.