கடனும் கடமையும்

'கடன்' என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. ஒருவரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். ஒருவர் செய்தே தீரவேண்டிய செயலும் கடன். புறநானூற்றின் 312ஆம் பாடலில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடன்களைப் பொன்முடியார் வகுத்துரைக்கும்போது, இரண்டாவது பொருளையே கொள்கிறார். காலைக்கடன், நீத்தார் கடன், நன்றிக்கடன் என்னும் வழக்குகளும் அவ்வழி வந்தவையே. முதற்பொருளில் கடனின்றி வாழ உறுதி பூண்ட ஒரு கத்தோலிக்கக் குடும்பம், இரண்டாம் பொருளில் தனக்குள்ள கடன் யாதென எண்ணிப் பார்த்ததே இக்கட்டுரையின் பொருளாகும்.

கடனைப் பற்றிச் சிந்திக்க நாங்கள் வாழும் பகுதியைவிடப் பொருத்தமான இடம் வேறு இருக்க முடியாது. ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரம் சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், சத்தியவேட்டை அடுத்து, 2008ஆம் ஆண்டில் உருவானது. அன்று இது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். திருமலையில் எழுந்தருளியுள்ள வேங்கடவன், பத்மாவதியாரை மணம்புரியும் பொருட்டுக் குபேரனிடம் கடன் பெற்றான் என்றும், அடியார்கள் உண்டியலில் இடும் காணிக்கை அக்கடனுக்கான வட்டியாகச் செல்கிறது என்றும் தலபுராண மரபு கூறும். வேறு சமயத்தவராயினும் இக்கதையைக் கேட்குந்தோறும் எங்கள் நெஞ்சம் நெகிழ்வதுண்டு. திருமணச் செலவுக்குக் கடன்படும் ஏழைத் தந்தையின் துயரைத் தெய்வத்தின்மேல் ஏற்றிப் பார்த்து ஆறுதல் கொண்ட மக்கள் மனம் அதில் தெரிகிறது அன்றோ!

கடன் வேண்டாம் என்னும் பாடத்தை எங்களுக்கு மூவர் கற்பித்தனர். முதலாமவர் வள்ளுவர். வருவாய் வரும் வழி சிறிதாயினும் கேடில்லை, செலவு போகும் வழி அகலாதிருந்தால் போதும் என்று 'வலியறிதல்' அதிகாரத்தில் அவர் வரவு செலவுத் திட்டமே வகுத்துத் தந்துவிட்டார். இரண்டாமவர் புனித பவுல். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில், ஒருவருக்கொருவர் அன்பு செலுத்தும் கடனைத் தவிர வேறெந்தக் கடனும் யாருக்கும் இருக்கலாகாது என அவர் அறிவுறுத்துகிறார். மூன்றாமவர் சற்றும் எதிர்பாராதவர்: மத்திய அரசு. 1964ஆம் ஆண்டின் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 17ஆவது விதி, ஓயாது கடன்படுதலும் நொடித்துப்போதலும் நேராவண்ணம் அரசு ஊழியர் தம் சொந்தக் காரியங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. எழுத்தராக எத்தனையோ விதிகளைப் படியெடுத்திருக்கிறோம். நற்செய்தியின் வாடை வீசும் விதி இஃதொன்றே எனத் தோன்றியதுண்டு.

கொள்கை கூறுவது எளிது; குடும்பம் நடத்துவது அரிது. சம்பளம் வந்ததும் வாடகை, அரிசி பருப்பு, பள்ளி, மருந்து, கோவில் காணிக்கை எனத் தனித்தனி உறைகளில் பணத்தை இட்டு வைப்பது எங்கள் இல்லத்து வழக்கம். ஓர் உறை தீர்ந்தால் மற்றோர் உறையைத் திறப்பதில்லை. பிள்ளைகளின் புதுநன்மை விழா வந்தது. நம்மவரிடையே புதுநன்மை என்றால் வெள்ளாடை, மெழுகுவர்த்தியோடு நில்லாமல், மண்டபமும் பிரியாணியும் சுவரொட்டியும் ஆகிவிட்ட காலம் இது. நாங்கள் திருப்பலி முடிந்ததும் வீட்டில் இருபது பேருக்குச் சோறிட்டோம். 'இவ்வளவுதானா?' என்று உறவினர் சிலர் கேட்டனர். அக்கேள்வி இன்றும் எங்கள் காதில் இருக்கிறது.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் இல்லை. மூத்த மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்தபோது பணம் போதவில்லை. ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைக்குமாறு எல்லாரும் கூறினர். அடகும் கடனே ஆதலின், நாங்கள் அதனை விற்றுவிட்டோம். அதன்பின் தங்கத்தின் விலை ஏறிய ஏற்றத்தை நீங்கள் அறிவீர்கள். அச்சங்கிலி இன்று இருந்திருந்தால் எவ்வளவு பெறும் என்று கணக்கிட்டுச் சொல்லும் உறவினருக்கு நாங்கள் மறுமொழி கூறுவதில்லை. மகள் தன் முதற்சம்பளத்தைத் தாயின் கையில் வைத்த நாளை மட்டும் நினைத்துக்கொள்வோம். இங்குள்ள ஒரு தொழிற்சாலையில் பணிபுரியும் மகனோ ஒருநாள் நேராகவே கேட்டான்: "அப்பா, மாமா கடன் வாங்கி வீடு கட்டிவிட்டார். நீங்கள் கடனில்லாமல் இன்னும் வாடகை வீட்டில்தானே இருக்கிறீர்கள்?" அவன் கூற்றில் உண்மை இருந்தது. வீட்டுக்கடனும் கந்துவட்டியும் ஒன்றல்ல என்பதை நாங்களும் அறிவோம். ஆயினும் மாதம் பிறக்குமுன்பே சம்பளத்தில் பாதி பிறருடையதாகிவிடும் வாழ்வைவிட, வாடகை வீட்டு உறக்கமே எங்களுக்கு இனித்தது. மகன் பதினான்கு மாதங்கள் தொழிற்சாலைப் பேருந்தில் சென்று பணம் சேர்த்து, முழு விலை கொடுத்து இருசக்கர வண்டி வாங்கினான்.

இவ்வளவும் கூறி முடித்தால் இது சிக்கனத்தின் புகழ்ச்சியாக மட்டுமே நின்றுவிடும். அதற்கு மேல் எங்களைச் சிந்திக்க வைத்தவர் பக்கத்து வீட்டுப் பெண்மணி. விழுப்புரம் பகுதியிலிருந்து கணவரோடு கட்டட வேலைக்கு வந்தவர். ஊரில் பெண்கள் குழுவில் எடுத்த கடனுக்கு வாரந்தோறும் கைப்பேசி வழியே தவணை அனுப்புவார். ஒருவர் தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் அத்தொகையை ஏற்கவேண்டும். ஆகவே தவணை தவறுவது கடன் கொடுத்தவரிடம் மட்டுமன்றி, உடன்பிறவாச் சகோதரியரிடமும் முகமிழப்பதாகும். கணவர் காய்ச்சலில் படுத்த ஒரு மழைக்காலத்தில், கடன் வாங்காதே என்று எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட அறிவுரையைக் கேட்டு அவர் அமைதியாகக் கூறினார்: "அக்கா, உங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும், எங்களுக்கு வாரம் பிறந்தால் தவணைதான் வரும்."

அச்சொல்லுக்கு மறுப்பேது? இதே ஆந்திர மண்ணில் சிறுகடன் நிறுவனங்களின் வசூல் நெருக்கடி பெருந்துயராய் முற்றியபோது, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. வந்தும், 2017இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்கிரையானதை நாடு கண்டது. சட்டம் கொடுப்பவனைக் கட்டுப்படுத்தலாம். வாங்குபவனின் பசியையும் நோயையும் தள்ளிவைக்க அதனால் இயலாது.

திருச்சபையின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1179ஆம் ஆண்டின் மூன்றாம் இலாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித்தொழில் புரிவோருக்கு நற்கருணையையும் கிறிஸ்தவ அடக்கத்தையும் மறுத்தது. ஆயினும் தடை மட்டும் ஏழையின் அடுப்பை எரிய வைக்கவில்லை. ஆகவே 1462இல் இத்தாலியின் பெருஜியா நகரில், பிரான்சிஸ்குத் துறவியரின் முயற்சியால், ஏழைகளுக்குக் குறைந்த செலவில் அடகின் பேரில் பணம் தரும் அறநிலையம் எழுந்தது. 1515இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் அத்தகைய நிலையங்களை ஏற்றுக்கொண்டது. நம் மண்ணிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன் 1895லும் 1897லும் சென்னை அரசுக்கு அறிக்கை அளித்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. இந்தச் சத்தியவேட்டுப் பகுதியும் 1960இல் ஆந்திரத்தோடு இணையும்வரை அதே செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியதே என்பது நமக்கு உரிமையோடு நினைக்கத்தக்க செய்தி.

கடனில்லாதவன் கடன்பட்டவனுக்கு அறிவுரை மட்டும் வழங்குவது அறமாகாது என்பது இவற்றால் விளங்கிற்று. ஞாயிறு திருப்பலிக்குப் பின் சந்திக்கும் ஏழு தமிழ்க் குடும்பங்கள் கூடிப் பேசினோம். மாதம் ஒரு குடும்பத்துக்கு ஐந்நூறு ரூபாய் எனச் சேர்த்து ஒரு பெட்டியில் வைத்தோம். மருத்துவம், பள்ளிக் கட்டணம், ஊரில் இறப்பு ஆகிய மூன்றுக்கும் அதிலிருந்து பணம் தரப்படும். கணக்கேடு உண்டு, வட்டி இல்லை, ஈடு இல்லை, மதம் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணியின் நான்கு தவணைகளை அப்பெட்டியே தாங்கியது. அவரும் தைப்பொங்கலுக்குள் முழுவதையும் திருப்பித் தந்துவிட்டார்.

எல்லாரும் தந்தார் எனச் சொல்ல முடியாது. ஒப்பந்த வேலை முடிந்த ஒரு குடும்பம், எட்டாயிரம் ரூபாய் பாக்கியோடு சொல்லாமல் ஊர் சென்றுவிட்டது. தேடிப்போய் வாங்கவேண்டும் என்றனர் இளைஞர். எங்களுள் மூத்த அம்மையார் ஒருவர், கர்த்தர் கற்பித்த செபத்தை நினைவூட்டினார். நாம் செபிக்கும் கத்தோலிக்கத் தமிழ் வடிவில் 'குற்றம்' என நிற்கும் இடத்தில், மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் 'கடன்கள்' என்னும் சொல்லே உள்ளது. பொறுத்தருளுமாறு நாள்தோறும் இறைவனிடம் கேட்பவர், எட்டாயிரத்தைப் பொறுக்க மாட்டோம் என்பது எவ்வாறு பொருந்தும்? அது 2025ஆம் ஆண்டு; திருச்சபை யூபிலி கொண்டாடிய ஆண்டு. ஐம்பதாம் ஆண்டில் அடிமைகளுக்கு விடுதலை என்று லேவியர் நூலும், ஏழாம் ஆண்டில் கடன் விடுதலை என்று இணைச்சட்ட நூலும் கூறிய மரபை எடுத்துக்கொண்டு, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுமாறு திருத்தந்தை பிரான்சிஸ் செல்வ நாடுகளைக் கேட்டுக்கொண்ட காலம். கணக்கேட்டில் அவ்வரிக்கு எதிரே 'பொறுக்கப்பட்டது' என எழுதினோம். மறுமாதம் பெட்டிக்குப் பணம் தர ஒருவரும் தயங்கவில்லை.

பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு அவசரத்துக்கு ஓடிவரப் பங்காளியும் இல்லை. நம்பிக் கொடுக்கத் தெருக்கோடிக் கடைக்காரரும் இல்லை. அவ்விடத்தைத் தவணைக்காரன் நிரப்பிவிடாமல் நாமே ஒருவருக்கொருவர் நிரப்ப வேண்டும். கையில் கடன் இல்லாத குடும்பம் பேறு பெற்றதே. ஆயினும் அப்பேறு பூட்டி வைக்கத்தக்க சொத்தன்று. பணக்கடன் தீர்ந்தபின்னரே மற்றைக் கடன், தீராத அன்புக்கடன், தெளிவாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அதில் தவணை தவறாதிருக்க இறைவன் நம் அனைவருக்கும் துணைபுரிவானாக!