சவரக்கத்தியும் தீட்டுகல்லும்

கத்திக்குக் கூர்மை தருவது கல் என்று உலகத்தார் கூறுவர். உண்மை நோக்குமிடத்துக் கல் ஒன்றனையும் தருவதன்று. இரும்பினின்றும் சிறிது எடுப்பதேயாம். எடுத்த இரும்பு மீளக் கூடுவதில்லை. ஆதலின், தீட்டுகல்லைத் தேர்வோர் ‘இக்கல் எவ்வளவு விரைவிற் கூராக்கும்?’ என்று வினவுதலினும், ‘எவ்வளவு குறைவாக எடுக்கும்?’ என்று வினவுதலே தக்கதாகும். சவரக்கத்திக்கு இது பின்னும் பொருந்தும். அது மக்கள் உடம்பின்மேற் செல்லும் கருவியாகலின் என்க.

நீலகிரி கல்லாலாகிய மலை. 1822-இல் ஜான் சல்லிவன் உதகையில் எழுப்பத் தொடங்கிய முதல் மாளிகையையும் மக்கள் ‘கல் பங்களா’ என்றே வழங்கினர். எனினும், சவரக்கத்தியைத் தீட்டுதற்கு இம்மலைப்பாறை உதவாது. யாங்ஙனமெனின், இம்மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட்டு என்னும் பாறையினத்தது. அதன் மணிகள் கண்ணுக்குப் புலனாமளவு பருத்தவை. வன்மையானும் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. கோத்தர் தம் உலையில் வடித்த கோடரிக்கும் அரிவாளுக்கும், தேயிலைத் தோட்டத்துக் கவாத்துக் கத்திக்கும் பருங்கல் போதியதாம். அவை வெட்டுவது மரமாதலின். மயிரினும் நுண்ணிய சவரக்கத்தியின் வாய்க்கோ அத்தகைய கல் கேடே விளைக்கும்.

குன்னூரில் வாழும் ஒருவர்க்குத் தந்தை வைத்துச்சென்ற சவரக்கத்தி கிடைத்ததென்று கொள்க. அவர் இரும்புக் கடையிற் சென்று, அடுக்களைக் கத்திக்கென விற்கும் கரிய கார்போரண்டக் கல்லை வாங்கி வருவாராயின், ஒரு மாலைப்பொழுதிற்குள் அக்கத்தியின் பல்லாண்டு வாழ்நாள் தேய்ந்தொழியும். 1891-இல் ஆச்செசன் என்னும் அமெரிக்கர் கண்டறிந்த அப்பொருள் மிகக் கடியது. அதன் பருந்துகள் கத்தியின் வாயைப் பல் பல்லாக முறிக்கும். அன்றியும், சவரக்கத்தியைத் தீட்டுங்கால் அதன் முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படிதல் வேண்டும். முதுகின் பருமனே சாய்வினை அளந்து தருவது. பருங்கல் முதுகையும் தேய்த்தலால் அவ்வளவே பிழைபடும். கல்லின் முகம் குழிந்திருப்பினும் இக்கேடு நேரும். ஆதலின் சமதளமாயிருத்தல் கல்லுக்கு இன்றியமையாத இலக்கணம்.

தீட்டுகற்களின்மேற் பொறிக்கப்பெறும் எண் துகளின் நுண்மையைக் குறிப்பது. எண் ஏற ஏறத் துகள் நுண்ணிதாம். வாயில் முறிவு கண்டவழி மாத்திரம் 1000 எண்ணுடைய கல்லை நாடுக. பின்னர் 4000, 8000 என ஏறி, 12000 அளவிலோ அதற்கொத்த இயற்கைக் கல்லிலோ முடித்தல் முறை. முறிவின்றி மழுங்கல் மட்டும் உடைய கத்திக்கு நுண்கல் ஒன்றே சாலும். பெல்ஜியத்தில் அகழ்ந்தெடுக்கும் மஞ்சட்கல்லும், அமெரிக்காவின் ஆர்க்கன்சா நாட்டு நோவாக்குலைட்டும் இயற்கைக் கற்களிற் பேர்பெற்றவை. பின்னதன் பெயரே சவரக்கத்தியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்ததாம்.

மலைவாழ்வோர் கருதற்பாலது பிறிதொன்றும் உண்டு. சமவெளியிற் கல்லுக்குத் தேங்காயெண்ணெய் இட்டுப் பழகினோர், கடல்மட்டத்தினின்றும் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயர்ந்த உதகையில் அவ்வெண்ணெய் உறைந்து கட்டியாயிருத்தலைக் காண்பர். நல்லெண்ணெய் நாளடைவிற் பிசினாகிக் கல்லின் முகத்தை அடைத்துவிடும். எண்ணெய்க்கல்லை விரும்புவோர் தையற்பொறிக்கு இடும் மெல்லிய எண்ணெயைக் கொள்க. நீரில் ஊறவைக்கும் கல்லுக்கோ மார்கழி, தை மாதத்து உறைபனி பகை. உள்ளுறிஞ்சிய நீர் இரவில் உறைந்து விரியுமாதலின், வெளியிற் கிடக்கும் கல் பிளத்தலுங் கூடும். ஆதலின் நீரை மிக உறிஞ்சாது, மேலே சில துளி தெளித்த அளவிற் பணிசெய்யும் செறிந்த கல்லே இம்மலைக்கு ஏற்றது. தீட்டியபின் கத்தியை உலரத் துடைத்து எண்ணெய் பூசுதலை மறவற்க. மஞ்சு தவழும் இம்மலையில், கல்லினும் துருவே மிகுதியாகத் தின்னும்.

கல்லின்மேற் செல்லுங்கால் வாய் முன்னாகவும், தோல்வாரின்மேற் செல்லுங்கால் முதுகு முன்னாகவும் செலுத்துதல் மரபு. நாடோறும் தோல்வாரில் உரசிவரின் கல்லை நாடும் நாள் சேய்மையதாகும். கல் தேய்த்து எடுப்பது, தோல் நிமிர்த்து நிறுத்துவது என்னும் வேற்றுமையால்.

இக்காலத்து முடிதிருத்தகங்களில், குருதிவழி நோய் பரவாமைப் பொருட்டு, ஒவ்வொருவர்க்கும் புதிய அலகு மாற்றும் கத்தியே வழங்குகின்றது, அது நன்றே. ஆயினும் அலகைத் தேய்ந்தவுடன் எறிந்துவிடலாம். தந்தையின் கத்தியை அங்ஙனம் எறிதல் இயலாது. அதனைத் தம் மகனுக்கும் கையளிக்க விரும்புவோர், விரைந்து எடுக்கும் கல்லை விலைமலிவு கருதி வாங்காது, நுண்ணிய கல் ஒன்றனைப் பொறுமையோடு தேர்ந்துகொள்வாராக. அக்கத்தி எத்தனை தலைமுறை நிற்கும் என்பது இரும்பின் வன்மையை மட்டுமன்று, அவர் தேர்ந்த கல்லின் மென்மையையும் பொறுத்ததாம்.